செதிலுக்கு வந்த கிராக்கி

சமரீன் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். காலி. அடியில் ஒரே ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

"அத்தா, தோலு, செதிலு எல்லாம் எங்க?"

பாப்பாரப்பட்டிச் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா முனாப்புக்கு முகமெல்லாம் பல். "எல்லாம் வித்துப்போச்சும்மா!"

வழக்கமாக நாய்க்கும் காக்கைக்கும் போகிற கழிவு அது. அதிலுள்ள புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கினால் பெப்டைடு கிடைக்கும். அவற்றில் சில ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடும் என்பதுதான் அவளுடைய எம்எஸ்சி ஆராய்ச்சி. தருமபுரியில் கல்லூரி லேப் இன்று ஒரு நாள்தான் அவளுக்கு. வெறுங்கையோடு போனால் ஆராய்ச்சி அம்போ.

போன வாரம் சோறு தின்கையில் அத்தாவிடம் இதைச் சொல்லித் தொலைத்திருந்தாள். அவர் அதை பிபி மருந்து என்றே வாரம் முழுக்கக் கடையில் கூவிவிட்டார்.

இப்போதும் கடை முன்னால் கூட்டம். "பாய், சதைய நீயே வெச்சிக்க. எனக்குத் தோலு மட்டும் உரிச்சிக் குடு" என்று மாதையன் மல்லுக்கு நின்றார்.

"கண்ணு, நாந்தான் மொத ஆளு" என்று நஞ்சம்மாள் பையை ஆட்டிக் காட்டினாள். "தெனம் செதிலு ரசம். பிபி மாத்திரைய ரெண்டு நாளா தொடவே இல்ல!"

நாலு பேர் நின்றால் வாயே திறக்காத சமரீன், எப்படித்தான் ஐஸ்பெட்டி மேல் ஏறினாளோ.

"யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க!"

சந்தையே திரும்பியது. எதிர்க்கடைக் கோழிகள் உட்பட.

"இது மருந்து இல்லீங்க. கண்ணாடிக் குழாயிலதான் பாத்திருக்கோம். மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கவே இல்ல. வூட்ல வேக வெச்சா அது வராது."

"அப்ப எங்கூட்டு ரசம்?"

"அது ரசந்தாங்க."

சிரிப்பு வெடித்தது. நஞ்சம்மாள் முனாப்பின் தோளில் பையாலேயே ஒன்று போட்டாள். "நல்லா ஏமாத்தினியே பாய்!"

"ஆயா, எப்பவும் போடற மாத்திரைய இன்னிக்கே போடுங்க. விட்டதையும் சேத்துப் போட்டுறாதீங்க. ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிருங்க."

"சரிடி, டாக்டரம்மா."

ஒவ்வொரு பையாக வாளிக்குள் கவிழ்ந்தது. நஞ்சம்மாள் பையிலிருந்து செதிலோடு மிளகும் பூண்டும் விழுந்தன. முனாப் கத்தியைப் பிடித்தபடியே நின்றார். "நம்ம வூட்டுப் புள்ளையா கத்துனது?"

பஸ்ஸில் அவள் வாளியோடு உட்கார்ந்ததும் சுற்றியிருந்த நாலு சீட்டும் காலியாயின. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னம்மா அது?"

"மீன் தோலுங்க. ஆராய்ச்சிக்கு."

அவர் கண்கள் விரிந்தன. மூக்கிலிருந்து கை இறங்கியது. "முனாப் பாய் சொன்ன பிபி மருந்தா? எங்கம்மாவுக்குக் கொஞ்சம் குடேன்!"

முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் ஒருசேரத் திரும்பினார்கள்.

சமரீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாளியைக் காலுக்கிடையில் இறுக்கி வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க!"