இருவரும் பார்க்காத கடல்

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தையல்காரியின் மூக்கில் ஏறியது உப்புக் காற்று. ஐம்பத்திரண்டு வயதில் இப்போதுதான் கடல் இருக்கும் ஊருக்கு வந்திருக்கிறாள். விடுதி அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் காலியாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை சின்னதாக ஒரு சுற்றுலா போய் வரலாம் என்று, பெட்டிகளை நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் சுற்றுலா கவுண்டர் முன்னால் வந்து நின்றார்கள்.

இந்த ஒரு நாளுக்காக அவள் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். மாமியார் கண்ணை மூடும்வரை பதினோரு வருஷம் படுத்த படுக்கை. முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கட்டில் பக்கத்திலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, கண் ஊசியிலும் காது அந்த முனகலிலுமாகக் காலம் ஓடியது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக்கூட அவள் போனதில்லை. என்றைக்காவது அலுத்துக்கொண்டால் புருஷன் சொல்வார்: "நான் மட்டும் எங்க போயிட்டேன்? கடலை நானும்தான் பார்த்ததில்ல. பார்த்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

அதைக் கேட்டு இவள் கரைந்து போவாள். வருஷத்துக்கு ஒரு தடவை அவருடைய இன்சூரன்ஸ் ஆபீஸில் மூன்று நாள் வெளியூரில் பயிற்சி வகுப்பு. அங்கேயும் போய் நாற்காலியைத் தேய்க்க வேண்டுமே என்று இவள்தான் பரிதாபப்பட்டு, சட்டையை இஸ்திரி போட்டு, வழிக்குச் சாப்பாடும் கட்டி அனுப்புவாள். பாவம் மனுஷன் என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லும். பாவமாம், பாவம்.

கவுண்டர் பெண் மூன்று அட்டைகளை நீட்டினாள். பழைய கடைவீதி, அருங்காட்சியகம், கடற்கரை வழியாகக் கலங்கரை விளக்கம். தையல்காரி மூன்றாவதில் விரலை வைத்தாள்.

"அது வேணாம். ஏகப்பட்ட படி. உனக்கு முட்டி வலி வேற," என்றார் அவர். "அருங்காட்சியகம் போலாம். உள்ள குளுகுளுன்னு இருக்கும்."

"கடலைப் பார்க்க வந்துட்டு நாலு சுவத்துக்குள்ள போய் நிக்கறதா? முட்டி என்னுது, நான் பார்த்துக்கறேன்."

கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே செல் நம்பர் கேட்டாள். அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றார். இவளுக்கா பொறுமை? அவருடைய நம்பரை மளமளவென்று ஒப்பித்துவிட்டாள்.

"சார் ஏற்கெனவே வந்திருக்கீங்களே," என்றாள் பெண், திரையைப் பார்த்தபடி. "மூணு தடவை. மூணுமே கலங்கரை விளக்கம்."

"வேற யாராவதா இருக்கும்மா."

பெண் பெயரைப் படித்தாள். இனிஷியலோடு அவரேதான். கடைசியாக வந்தது போன வருஷம் ஜூன் பத்தாம் தேதி. மாமியாருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் அது. வகுப்பை விட்டு வர முடியவில்லையே என்று போனில் புலம்பினவர் இவர்.

"கூட யாரு வந்தது?" என்று தையல்காரி கேட்டாள்.

"ஒரு நபர்னுதான் இருக்கு மேடம். மூணு தடவையும்."

அவரை ஓரமாக இருந்த பெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "யாரு அவ?"

"சத்தியமா யாரும் இல்ல. வகுப்பெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்க. நான் லீவு போட்டுட்டு வருவேன். மேல ஏறி சும்மா உட்கார்ந்திருப்பேன். அம்மா முனகறது காதுல விழாம ஒரு மூணு நாள். தப்பா ஒண்ணும் பண்ணல."

அவள் நம்பினாள். அதுதான் இன்னும் மோசம். ஒருத்தி இருந்திருந்தால் அவளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்க்கலாம். இங்கே யாரைத் திட்டுவது?

"அந்த முனகல் எனக்கு மட்டும் தாலாட்டா இருந்துச்சா?"

"சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

"பூசி மெழுகாதீங்க. சொல்லியிருந்தா நானே அனுப்பி வச்சிருப்பேன். அப்புறம் அடுத்த தடவை நீங்க வீட்ல இருந்து என்னை அனுப்பணும். அதுக்குப் பயந்துதான் சொல்லல."

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். இல்லை என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம்.

அவள் கவுண்டருக்குத் திரும்பி வந்து ஒரே ஒரு டிக்கெட் வாங்கினாள். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். "புது ஊரு. தனியா எப்படிப் போவ?"

"நீங்க எப்படிப் போனீங்க?"

பேருந்து இரண்டு தெரு திரும்பியதும் கடல் வந்துவிட்டது. ஜன்னல் முழுக்கக் கடல். கண்ணுக்கு எட்டிய மட்டும் அதுதான். இவ்வளவு பெரியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டியபடி, நானும்தான் பார்த்ததில்லை என்று சொல்ல ஒரு மனுஷனால் எப்படி முடிந்தது என்பது மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை.