காளியம்மாவின் தலையணைக்கு அடியில் மணி

1

இந்தக் கதை பப்பாளி இலைச் சாற்றில் பிறந்தது. என் மனைவி மோகனா டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் ஃபிளாஸ்க்கில் சாற்றை ஊற்றிக்கொண்டு போவேன். அவள் முகம் சுளிப்பாள், நான் வார்டை வேடிக்கை பார்ப்பேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். செமிலிங், யான் என்கிற இரண்டு ஊர்களுக்கு நடுவில், ஜெராய் மலை தெரிகிற மாதிரி ஒன்றை நானே கட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "இருநூறு நோயாளிகளுக்கு ஒரே ஒரு மிஸ்ஸி."*

"வார்டுல அவ்ளோ கட்டிலே இல்லீங்க," என்றாள் மோகனா.

"சரி, நூறு."

"உங்க வாய அடக்குனா கதை தானா எழுதிக்கும்."

இரண்டாம் தொடக்கம்: "வெள்ளைச் சீருடையில் ஒரு தேவதை போல யோகேஸ்வரி—" (இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். தேவதைக்கு இறக்கை உண்டு, கால் வலிக்காது.)

மூன்றாவதில் வார்டு மிஸ்ஸி யோகேஸ்வரி மத்தியானச் சோற்றைப் பொழுது சாய்கிற நேரத்தில் சாப்பிட்டாள் என்று எழுதினேன். நல்ல புளுகு என்று எனக்கே பெருமை. அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சாப்பிடாமலே வீட்டுக்குப் போன நாள எழுதலயா அங்கிள்?" என்றாள்.

ஆயுசு முழுக்க விலாங்கு மீனை மலைப்பாம்பாக்கிச் சொல்லி வந்தவன் நான். என் புளுகு தோற்ற ஒரே இடம் அந்த வார்டு. எரிச்சல் வருமா வராதா?

(* எங்கள் பக்கம் தாதியை யாரும் தாதி என்று கூப்பிடுவதில்லை. மிஸ்ஸிதான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாலும் மிஸ்ஸி.)

2

சரி, கதை.

அன்று மத்தியானம் யோகேஸ்வரியோடு இன்னொரு மிஸ்ஸியும் வேலையில் இருந்தாள். ஒரு நோயாளியை அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டி வந்தது. ஆம்புலன்ஸில் மிஸ்ஸி ஒருத்தி கூடவே போயாக வேண்டும். போனாள். பிரசவ விடுப்பில் இருந்த மூன்றாமவளுக்குப் பதில் ஆள் வரும் வரும் என்று சொல்லி, குழந்தையே தவழ ஆரம்பித்துவிட்டது. ஆக, வார்டு முழுவதும் யோகேஸ்வரி தலையில்.

அவளுக்கு அப்போது மூன்று கவலைகள். வாசல் பக்கக் கட்டிலில் ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டிருந்த ஷீலா. ஜன்னல் பக்கம் மோகனாவின் டிரிப். கடைசிக் கட்டிலில் காளியம்மா.

காளியம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவள். ரத்த அழுத்த மருந்தை மாற்றியதிலிருந்து எழுந்தால் தலை சுற்றும். காலையிலேயே யோகேஸ்வரி அவள் கையில் மணிச் சுவிட்சைத் திணித்துச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, பாத்ரூம் போணும்னா இத அமுக்குங்க. தனியா எறங்கக்கூடாது."

"சரி மிஸ்ஸி. நீ சாப்டியா?"

"சாப்டேன்க்கா."

"பொய்யி. ஒதடு காஞ்சி கெடக்கு."

யோகேஸ்வரி சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள். நின்று பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நடக்கும்போதே தோன்றியது. தோன்றியதோடு சரி.

3

(இங்கே ஒரு கட்டுரை எட்டிப்பார்க்கிறது. வரட்டும்.)

மிஸ்ஸிக்கு வேலை மாத்திரை கொடுப்பதும் ஊசி போடுவதும் என்று நினைத்திருந்தேன். பாதி வேலை பார்ப்பது. உதடு நீலம் பூத்திருக்கிறதா, கை வீங்குகிறதா, நேற்றுப் பேசியவள் இன்று ஏன் பேசவில்லை. கட்டிலுக்குக் கட்டில் நின்றால்தான் இது கண்ணில் படும். ஆள் குறைந்தால் முதலில் குறைவது இந்தப் பார்வைதான். மாத்திரையைக் கொடுக்காவிட்டால் யாராவது கேட்பார்கள். பார்க்காததை யார் கேட்பது?

அதற்கு மேல் எங்கள் ஜனங்களின் நல்ல மனசு வேறு. யோகேஸ்வரி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, வார்டே கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருந்தது. காளியம்மாதான் தலைவி.

"கெசியான் லா, பாவம் அந்தப் புள்ள. சும்மா சும்மா மணி அடிச்சி பாவத்தக் கட்டிக்காதீங்க."

தலைவியே தன் மணியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். மற்றவர்களும் அப்படியே. இதில் என் மோகனாவும் கூட்டு. டிரிப் ஊசி நழுவி, முழங்கை வரை வீங்கி, கை மரவள்ளிக்கிழங்கு மாதிரி ஆன பிறகும் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்டி கூப்பிடல?"

"அந்தப் புள்ள அப்பத்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சிச்சிங்க."

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஒருவர் சுற்றி வந்தார். வார்டு கோயில் மாதிரி நிசப்தம். "ரொம்ப அமைதியா இருக்கே. நல்லாச் சமாளிக்கிறீங்க," என்று யோகேஸ்வரியைப் பாராட்டிவிட்டுப் போனார். கேட்டிருந்த ஆள் ஏன் இன்னும் வரவில்லை என்பதற்கு இனி அவரிடம் இந்த அமைதியே பதிலாக இருக்கும். அமைதி எங்கிருந்து வந்தது என்று அவர் தலையணையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

யோகேஸ்வரியும் அந்த அமைதியை நம்பினாள். இன்று அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

4

இப்போது ஷீலாவுக்கு இழுப்பு கூடுகிறது. யோகேஸ்வரி அவள் முகத்தில் ஆவி மருந்தை வைத்துப் பிடித்திருக்கிறாள். முதுகு வார்டுக்கு, கண் ஷீலாவின் உதட்டில். அதே நேரம் கடைசிக் கட்டிலில் காளியம்மா போர்வையை விலக்குகிறாள். பாத்ரூம் பக்கம்தானே என்கிற தைரியம். ஒரு காலைத் தரையில் வைக்கிறாள்.

முடிவு அ: விழுகிறாள். இடுப்பெலும்பு. விசாரணையில் ஒரே கேள்வி: "நீங்க ஏன் பாக்கல?" கேட்டவர்களில் யாரும்— (கிழித்தேன். யோகேஸ்வரி மேல் பழி போடுவதற்கா இத்தனை எழுதினேன்?)

முடிவு ஆ: யோகேஸ்வரி பாய்ந்து வந்து தாங்கிப் பிடிக்கிறாள். (அப்படியானால் ஷீலாவின் முகத்தில் மருந்தைப் பிடிப்பது நானா?)

முடிவு இ: "அப்போது குணசுந்தரி உள்ளே வந்தாள்."

பார்த்தீர்களா? ஒரே வரி. நேர்முகத் தேர்வு இல்லை, மேலிடத்து ஒப்புதல் இல்லை. குணசுந்தரி வந்தாள், காளியம்மாவின் தோளைப் பிடித்தாள், பாத்ரூமுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தாள். போகிற வழியில் மோகனாவின் கையைப் பார்த்து ஊசியை எடுத்தாள். கதையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரிக்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

துள்ளிக் குதித்துக்கொண்டு போய் யோகேஸ்வரியிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"யாரு அங்கிள் இந்தக் குணசுந்தரி?"

"நான் உண்டாக்குன ஆளு."

"எடுத்துருங்க."

"ஏம்மா? நல்ல புள்ளயாச்சே."

"படிக்கிறவங்க அவ இருக்கான்னு நெனச்சிக்குவாங்க."

எடுத்துவிட்டேன். எடுத்த இடம் இதோ, காலியாக:

5

காளியம்மாவுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று மோகனாவுக்குத் தெரியும். அவள் கண் முன்னால்தான் நடந்தது. கேட்டால் வீக்கம் வடிந்த கையைத் தடவிக்கொண்டு வேறு பேச்சை எடுக்கிறாள். "மணி என் பக்கத்துலதான் இருந்துச்சிங்க," என்று ஒருமுறை மட்டும் சொன்னாள்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. காளியம்மாவின் ஒரு கால் தரையில், ஒரு கால் கட்டிலில். யோகேஸ்வரி முதுகைக் காட்டி நிற்கிறாள். அவளைத் திரும்பச் சொல்ல எனக்கு மனசில்லை, ஷீலாவுக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை.

காளியம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதில் உங்களைப் படுக்கவைத்திருக்கிறேன். இத்தனை நேரமும் நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். உங்கள் தலையணைக்கு அடியிலும் ஒரு மணி இருக்கிறது. மிஸ்ஸி பாவம் என்று நினைத்தது போதும். எடுத்து அமுக்குங்கள்.

அமுக்கினால் யார் வருவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். வருகிறவரைக்கும் அமுக்குங்கள்.