விருந்தாளிக் குளிமுறி

கொல்லம் ஆண்டு 1106, இங்கிலீஷ் கணக்கில் 1930, கார்த்திகை மாதம், இரணியலுக்கு மேற்கே ஞானசிங் வீட்டில் விருந்தாளிகள் குளிப்பதற்கென்று புதிதாகக் கட்டிய குளிமுறிக்குள் முகம் கழுவப் போன இஸ்ரவேல் போதகர் வழிதவறிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அந்த முறியில் இரண்டு பாய் விரிக்கலாம். மூன்றாவதைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும். போதகர் போகும்போது ஆவி பறந்துகொண்டிருந்த காப்பி, அவர் திரும்பும்போது ஆறி ஏடு படிந்து, அந்த ஏட்டையும் பூனை நக்கியிருந்தது. மயில்களைத் தாண்டி இடதுபக்கம் திரும்பியதுதான் பிசகு என்று கழுத்தைத் துடைத்தபடி சொன்னார். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது.

அந்த முறி ராஜபாய்க்காகக் கட்டப்பட்டது. ராஜபாய் ஞானசிங்கின் ஒரே தங்கை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை மணந்து போனவள். அங்கே தாழ்ப்பாள் போட்ட அறையில் குளித்துப் பழகியவள், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வந்து, அண்ணன் வீட்டில் மதியச் சோறு உண்டுவிட்டு, பொழுது சாயுமுன் பஸ் ஏறிக் கருங்கல் ஊரிலிருந்த கொழுந்தன் வீட்டுக்குப் போய்விடுவாள். "கெணத்தங்கரையில ஓலைத்தட்டி மறைவுல நான் எங்ஙன குளிக்க, அண்ணா? அங்க நிக்க பசுவுக்கே நாணமாயிருக்கு" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அம்மை போன பிறகு அவள் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை என்பது ஞானசிங்குக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

ஞானசிங்குக்குத் தக்கலையில் ஜவுளிக்கடை. சின்னத் துணியில் சின்னப் பூப் போட்டால் கைக்குட்டை, பெரிய பூப் போட்டால் சேலை என்பது தொழிலில் அவர் கண்ட ஞானம். இடம் போதாத முறிக்கும் அதே வைத்தியம்தான் என்று, கோயில் வாகனங்களுக்குச் சாயம் பூசும் கோலப்பனைப் பூதப்பாண்டியிலிருந்து அழைத்து வந்தார். கோலப்பன் சுவருக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு அடித்தார், அதன்மேல் அரிசி புடைக்கும் சுளவு அகலத்துக்கு மஞ்சள் தாமரைகள், ஆள் உயரத்துக்கு நீல மயில்கள், மேலே கிளிப்பச்சை, தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமெண்டுக் கட்டம். தண்ணீர்த் தொட்டியையும் விடவில்லை, அதற்குப் புலிவரி. ஞானசிங்கின் மனைவி நேசபாய் வாசலில் நின்று மயில்தோகைகளைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள துணிய அவுத்தா இம்புட்டு கண்ணும் நம்மளத்தானே பாக்கும்" என்றாள்.

புது வீடு, புதுக் கடை, புதுத் தொழுவம் எதுவானாலும் போதகர் வந்து ஜெபிக்காமல் சபையார் புழங்குவதில்லை. குளிமுறிக்கென்று தனி ஜெபம் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஆகவே போதகர் நிலம் வாங்குகிறவர்களுக்குச் செய்கிற ஜெபத்தையே செய்தார். இதன் எல்லைகளை விசாலமாக்கும், சுவாமி என்றார். கூடியிருந்தவர்கள் ஆமென் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவர் முகம் கழுவ உள்ளே போனது.

வெளிச்சுவரை அளந்தால் பழைய அளவேதான் வந்தது; உள்ளே அளக்கப் போன கொத்தனார் கயிறு போதாமல் திரும்பினார். இத்தனை வருஷம் சாயம் பூசியும் கோயில் வாகனம் எதுவும் வளரவில்லை, எல்லாம் ஜெபத்தின் வேலை என்றார் கோலப்பன். தன் ஜெபத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை, ஆகவே சாயந்தான் காரணம் என்றார் போதகர். இருவரும் பெருமையை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்டதில் ஞானசிங்குக்குத்தான் தலை சுற்றியது. தங்கையைத் தங்கவைக்கக் கட்டிய முறி தங்கையை விழுங்கிவிட்டால்? கிறிஸ்துமஸ் காலையில் கதவுக்குப் பூட்டுப் போட்டார்.

ராஜபாய் வந்ததும் பூட்டைத்தான் பார்த்தாள்.

"எனக்குன்னு கெட்டினதா மைனி சொன்னாவ?"

"ஒனக்குக் கெட்டினதுதான். உள்ள வழி கொஞ்சம் செரியில்ல, மக்கா."

"குளிமுறிக்குள்ள வழியா? அண்ணனுக்குக் கெறக்கமா? தொறக்கியா, நான் கருங்கலுக்குப் போவட்டா?"

போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். திறந்தார். அவள் துண்டும் சோப்புமாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாயங்கால பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போனது. ஞானசிங் கதவோரம் குத்தவைத்துக் கூப்பிட்டார். வயலுக்கு அக்கரையிலிருந்து வருவதுபோல் பதில் வந்தது.

"ஏட்டி ராஜம், வழி தப்பிட்டியா?"

"தப்பல்ல. நடந்திட்டிருக்கேன்."

"இப்ப எங்கட்டி நிக்க?"

"தெரியல்ல. ஒரு பக்கமும் ஆளில்ல, குளிக்க நல்ல வெள்ளம் கெடக்கு. கல்யாணத்துக்குப் பொறவு நான் தனியா நடந்ததே இல்ல, அண்ணா. பஸ்ஸு போயாச்சா?"

"போயாச்சு."

"செரி. போவட்டு."

மறுநாள் ஈரத்தலையோடு வெளியே வந்து ஆப்பத்துக்கு உட்கார்ந்தாள். ஞானசிங்குக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை: அவள் ராத்திரி முழுக்க நடந்த இடம் தன் வீடுதானா, தங்கை தங்கினாள் என்று நாலு பேரிடம் சொல்லலாமா. "கதவு நம்ம வீட்டுலதானே இருக்கு" என்று நேசபாய் தீர்த்துவைத்தாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ராஜபாய் புதுவருஷம் வரை இருந்தாள்; 1110-ல் ஈஸ்டர் வரை. அழைத்துப்போக வந்த அவள் கணவர் கதவோரமாக எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வர ஒரு குடை கிடைக்குமா என்று கேட்டார். கோலப்பன் சாயம் புதுப்பிக்க வருவார்; எட்டுகிற சுவரோடு நிறுத்திக்கொள்வார். ராஜபாயைப் பார்க்க வருகிறவர்களிடம் நேசபாய், "குளிச்சிட்டிருக்கா, இரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுவாள்.