தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

லோமாக்ஸ் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தின் பதிவு கிளார்க் வெர்னா ஸ்டக்கிக்கு ஐந்து ஆண்களைக் கண்டாலே ஆகாது. நான்கு பேர் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள், ஐந்தாவது அவர்களுக்குத் தலைவராக உட்கார்ந்திருக்கும் நீதிபதி ஹார்லன் டிட்வெல். நீதிபதி என்று பெயர்தானே தவிர, அவர் தீர்ப்புச் சொல்வதெல்லாம் சாலைக்கும் சம்பளத்துக்கும்தான்.

வெர்னாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் ஊர் ஜனங்கள், மூன்று முறை ஓட்டுப் போட்டு. ஆனால் அவளுக்கு என்ன சம்பளம், அவளுடைய உதவியாளுக்கு என்ன, அலுவலகத்தில் மைக்கும் துடைப்பத்துக்கும் எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த ஐந்து பேர். பத்திரம் பதிய, கல்யாண உரிமம் வாங்க, மாட்டுச் சூட்டுக்குறி பதிய என்று வருகிறவர்கள் அவள் மேசையில் வைக்கும் கட்டணம் அப்படியே கவுண்டி கஜானாவுக்குப் போய்விடும். அதிலிருந்து ஒரு துடைப்பம் வாங்கக்கூட இந்த வெட்டிக் கும்பலின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

போன மாதம் கமிஷனர் டப் கிரேட்டன் தன் மைத்துனனின் சாலை ஒப்பந்தத்துக்குப் பழைய தேதி போடச் சொன்னான். முடியாது என்றாள் வெர்னா. ஓட்டில் ஜெயித்தவளை வீட்டுக்கு அனுப்ப முடியாது, பட்டினி போடலாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைத்தான் செய்தார்கள். அவள் சம்பளத்தில் கால்வாசி வெட்டு. எழுதுபொருளுக்கு ஒரு சென்ட் கிடையாது. உதவியாள் லூப்பே அர்ரெடோண்டோவுக்கு ஒன்றாம் தேதியோடு வேலை இல்லை. சிக்கனமாம்! சிக்கனம் பேசிய வாய் மூடுவதற்குள் தங்களுக்கு நான்கு புது பிக்கப் வண்டிகள் வாங்கவும் கை தூக்கினார்கள்.

லூப்பேயின் கணவன் எண்ணெய்க் கிணற்றில் ஒரு காலை இழந்தவன். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் தட்டச்சு அடிக்கிற சம்பளத்தில்தான். திங்கட்கிழமையிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை நீதிபதியும் டப்பும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள்.

"பிக்கப் தீர்மானத்துக்கு முத்திரை போட்டு ஒரு நகல் குடும்மா, மிஸ் வெர்னா," என்றார் நீதிபதி. "அது கைக்கு வராம வண்டிய விடமாட்டேங்கிறான் வியாபாரி."

"புத்தகத்துல ஏறாத தீர்மானத்துக்கு நான் எப்படி முத்திரை போடுவேன், ஜட்ஜ்?"

"ஏன் ஏறல?"

வெர்னா கனமான தீர்மானப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். எண் அச்சிட்ட தாள்களில் ஒரே ஒரு பக்கம்தான் வெறுமையாக இருந்தது.

"எஞ்சின் நம்பரெல்லாம் சேத்து பிக்கப் தீர்மானம் மூணு பக்கம் வரும். இருக்கறது ஒண்ணு. இந்தத் தாள் டல்லாஸ்லேர்ந்து வரணும். வாங்கத்தான் காசு கிடையாதுன்னுட்டீங்களே."

"கடையில ஒரு நோட்டு வாங்கி எழுதேன்," என்றான் டப். "என்ன பெரிய பைபிளா?"

"நோட்டுல எழுதினா உன் வண்டியும் நோட்டுலதான் ஓடும், டப்."

நீதிபதி மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சரி, தாள் வாங்கிக்க. உன் சம்பளத்துல வெட்டினதையும் திருப்பித் தந்துடறோம். அந்த மெக்சிகோப் பொண்ண மட்டும் விட்டுடு. இல்லாட்டி ஊர் எங்களப் பாத்துச் சிரிக்கும்."

மூலையில் லூப்பேயின் தட்டச்சுச் சத்தம் நின்றது. தன் வீட்டின் ஒழுகும் கூரையும் அதற்கு வாங்கிய கடனும் ஒரு கணம் வெர்னாவின் கண்முன் வந்துபோயின. தன்னை இவ்வளவு மலிவாக எடைபோட்டு வைத்திருக்கிறானே இந்த ஆள் என்று நினைத்தாள்.

"அவ பொறந்தது இந்த ஊர்ல, ஜட்ஜ். ஒக்லஹோமாலேர்ந்து வந்தவரு நீங்கதான்," என்றாள். "இந்த ஒத்தப் பக்கத்துல ரெண்டு விஷயம்தான் அடங்கும். தாளுக்குப் பணம், லூப்பேக்கு வேலை. என் சம்பளத்துக்கு அதுல எடமில்ல, நீங்க வெட்டினதே இருக்கட்டும். அடுத்த எலெக்ஷன்ல அத ஊருக்கு நானே சொல்லிக்கிறேன்."

"மாட்டேன்னா?"

"லூப்பே இல்லாம மூணு பக்கத்தையும் இந்த வாதம் புடிச்ச வெரலால நானே எழுதறேன். வண்டி கிறிஸ்துமஸுக்கு வரும். தாள் கெடச்சா."

டப் நெற்றியைத் துடைத்தான். "போட்டுத் தொலைங்க ஜட்ஜ். நேத்து கூட என் வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சு. பன்னி லாரியில ஏறி வீட்டுக்குப் போனேன்."

எதிரே உள்ள காப்பிக் கடையிலிருந்து மற்ற மூவரையும் கூட்டி வந்தார்கள். ஒருவனுடைய மீசையில் பீச் பழப் பலகாரம் ஒட்டியிருந்தது. நான்கு நிமிடத்தில் ஐந்து கைகளும் உயர்ந்தன. திங்கட்கிழமை எதற்குக் கை தூக்கினோம், இன்று எதற்குத் தூக்குகிறோம் என்று அவர்களில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தாலே அதிகம்.

வெர்னா பெரிய பெரிய எழுத்தாக, கடைசி வரி வரைக்கும் இழுத்து எழுதினாள். நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

"இப்ப பிக்கப்?" என்றான் டப்.

"அதுக்குத்தான் தாள் வரணுமே. ஓரத்துல எழுதச் சொல்லாத, அது முத்திரைக்கு."

அவர்கள் போன பிறகு லூப்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு, டல்லாஸ் கடைக்கு எழுத ஒரு தபால் அட்டையை இயந்திரத்தில் செருகினாள்.

"அவசரம்னு போடவா, மிஸ் வெர்னா?"

"வேண்டாம்," என்றாள் வெர்னா. "மெதுவா வரட்டும்."