செவ்வாய்க்கிழமை யாருக்கு

ஷுக்ரி சொன்ன நேரத்துக்கு வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றுதான் நபீலாவுக்கு முதன்முதலாக ஏதோ சரியில்லை என்று பட்டது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. "இதோ, தெருமுனையில இருக்கேன்" என்று போனில் சொன்னால், இன்னும் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று பொருள். எகிப்தில் அவர்கள் இருந்த மன்சூரா நகரத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. நபீலாவும் அதற்கேற்பத்தான் அடுப்பை மூட்டிப் பழகியிருந்தாள். அப்படிப்பட்டவர் திடுதிப்பென்று ரொட்டி சூடாவதற்கு முன்பே வந்து, கையைக் கழுவிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சோறு இறங்கும்?

எல்லாம் கெய்ரோவில் ஆரம்பித்தது. ஷுக்ரி கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மாவு மில், தன் ஆட்களை அங்கே அனுப்பி, நேரத்தைச் சிந்தாமல் சிதறாமல் செலவழிப்பது எப்படி என்று ஒரு வகுப்பில் உட்காரவைத்தது. போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். கஷ்டமான வேலை காலையில், சில்லறை வேலையெல்லாம் சேர்த்து மத்தியானம் ஒரே மூச்சில், வேலை நேரத்தில் போன் இழுப்பறைக்குள். கூட வேலை பார்க்கிறவன் டீக்குக் கூப்பிட்டால், "இந்தக் கணக்கு முடியட்டும்" என்கிறாராம். இதுவும் அவர் போன வருஷம் இருந்த பத்திய உணவு மாதிரி பெருநாள் வந்தால் போய்விடும் என்று நபீலா நினைத்தாள். போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவே வாயைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்.

"சனி, திங்கள், புதன் மூணு நாளும் ஆபீஸ் விட்டதும் நேரா வீடு. ஞாயிறு, செவ்வாய், வியாழன் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் உங்களோட. அஸர் தொழுதுட்டு வெளிய போயிடுவேன்."

"வெளியன்னா எங்க?"

"வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"நபீலா, நம்ம நேரத்துக்கு ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிட்டிருந்தா, சொல்றதுலயே நேரம் போயிடும். வகுப்புல சொன்னாங்க."

"நான் ஊரா?"

ஷுக்ரி மகன் ஆசிமின் தட்டில் கோழித் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

மறுநாள் அக்கா சுஹேர் வந்தாள். அக்காளும் தங்கையுமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெந்த கோஸ் இலைகளில் அரிசி வைத்துச் சுருட்டினார்கள். நபீலாவுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. ஆனால் கை இலையைச் சுருட்டும்போதே வாய் மகள் யாராவுக்கு வாய்ப்பாடு கேட்கும், கண் அடுப்பில் குழம்பைப் பார்க்கும், காது துவைக்கும் இயந்திரம் நின்றுவிட்டதா என்று கவனிக்கும். காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தவள் அவள் என்பது பார்ப்பவர்களுக்கு மறந்தே போகும். அன்றைக்கு மட்டும் கை ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

சுஹேர் இலையைக் கீழே வைத்தாள். "மூணு இங்க, மூணு அங்க. வெள்ளிக்கிழமை?"

"பாதி."

"போச்சு."

"என்ன போச்சு?"

"அடி அசடே, வாரத்த எவன் இப்படிச் சரிபாதியா வெட்டுவான்? ரெண்டு வாசல் இருக்கறவன்தான். ரெண்டு பெண்டாட்டிக்கும் சமமா நேரம் குடுக்கலேன்னா மறுமையில ஒரு தோள் சரிஞ்சு எழுந்து வருவான்னு பயம். உன் வீட்டுக்காரர் தொழுகை விடாதவராச்சே, வெள்ளிக்கிழமையக் கூட நறுக்கிட்டாரு பாரு."

"இவராவது, கல்யாணமாவது. எவளையாவது பாக்கப் போறாரோ என்னவோ."

"காதலிக்கிற ஆம்பள லேட்டா வருவான்டி. கல்யாணம் பண்ணின ஆம்பளதான் நேரத்துக்கு வருவான்."

நபீலா சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டாவது கல்யாணம் என்றால் பதிவாளர் முதல் மனைவிக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்றாள். "விலாசத்தத் தப்பா எழுதிக் குடுத்தா எங்க வரும்?" என்றாள் சுஹேர். "எங்க கட்டடத்துல ஒருத்தி, மூணு வருஷம் கழிச்சுச் சாவு வீட்டுல சக்களத்தியப் பாத்தா."

சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குத் தனியாகத் தீனி போட வேண்டியதில்லை. கண்டதையும் தின்று கொழுக்கும். ஷுக்ரி வீட்டில் இருந்த நாட்களில் முன்னெப்போதும் இல்லாத நல்ல கணவராக இருந்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிபண்ணினார். மகள் யாராவுக்கு வரைபடம் வரைந்து கொடுத்தார். திங்கட்கிழமை நபீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு, "சொல்லு அம்மணி, எட்டு மணி வரைக்கும் நான் உனக்குத்தான்" என்றார்.

எட்டு மணி வரைக்கும். அதற்கப்புறம் யாருக்கு? அவள் அந்த வார்த்தையை இரவெல்லாம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு சோதனை வைத்தாள். "செவ்வாய்க்கிழமை அம்மா வர்றாங்க. நீங்க வீட்டுல இருக்கணும்."

"புதன்கிழமை வரச் சொல்லேன். முழுசா கூட இருக்கேன்."

"அம்மாவுக்குச் செவ்வாய்தான் தோது."

"செவ்வாய்ல கை வைக்க முடியாது நபீலா. ஒரு தடவ விட்டுக் குடுத்தா அப்புறம் அது நிக்காது."

குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. தன் வீடு, தன் பிள்ளைகள், இந்த மனிதர் என்று இத்தனை வருஷம் அவள் கட்டிவைத்ததெல்லாம் ஒரு கிழமையின் மேல் தொங்கிக்கொண்டு நின்றது. அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைச் சுஹேரிடம் விட்டுவிட்டு, ஷுக்ரியின் ஆபீசுக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கும் பாவனையில் நின்றாள். தலைவலி உண்மையாகவே வந்துவிட்டது. ஷுக்ரி சொன்னால் சொன்ன நேரத்துக்கு வெளியே வந்தார். முக்குக் கடையில் வேர்க்கடலையும் ஆரஞ்சும் வாங்கினார். பிறகு ஒரு கட்டுப் புதினாவை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துப் பொறுக்கி எடுத்தார். வீட்டுக்கு அவர் எப்போது இப்படிப் பார்த்துப் பார்த்துப் புதினா வாங்கினார்?

அவர் பாலத்தில் நடந்து நைல் ஆற்றைக் கடந்து அக்கரையில் இருக்கும் தல்கா பக்கம் போனார். அவள் முக்காட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒரு காய்கறி வண்டியின் மறைவில் தொடர்ந்தாள். கரும்புச்சாறுக் கடைக்கு எதிரே பழைய கட்டடம் ஒன்றில் அவர் நுழைந்தார். பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே படியேறினார். சாவி இருக்கிறது என்றால் வீடு இருக்கிறது. வீடு இருக்கிறது என்றால்...

உடனே போகக்கூடாது, இரண்டு பேரும் உட்காரட்டும் என்று சாறுக் கடையில் ஒரு குவளை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறினாள். ஒவ்வொரு தளத்திலும் கதவருகே நின்று கேட்டாள். ஒன்றில் குழந்தை அழுதது, ஒன்றில் டிவி. படி மொட்டை மாடியில் போய் முடிந்தது. தண்ணீர்த் தொட்டிகளுக்கும் காயும் துணிகளுக்கும் நடுவே ஒற்றை அறை; கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே பிரம்பு சோபாவில் ஷுக்ரி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலணிகள் ஓரமாக இருந்தன. மேஜையில் புதினா போட்ட டீ பாதி குடித்திருந்தது. ஒரே ஒரு கண்ணாடிக் குவளை. இன்னொன்று எங்கே என்று நபீலா தேடினாள். திரைக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். தூசி இருந்தது. அந்த இன்னொருத்தி இன்னும் வரவில்லை போலிருக்கிறது. இருந்த ஒரே நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வைத்தியரிடம் வந்தவள் மாதிரி உட்கார்ந்து காத்திருந்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்பிள்ளை நடை. நபீலா எழுந்து நின்றாள். கூடையோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம், கண்ணுக்கு மை வேறு. நேரே கொடிக்குப் போய்த் துணிகளை உருவத் தொடங்கினாள். பிறகுதான் நபீலாவைப் பார்த்தாள்.

"நீங்க அவரோட வீட்டம்மாவா?"

"ஆமா. நீங்க?"

"மூணாவது மாடி. துணி எடுக்க வந்தேன். நல்லவேளை வந்தீங்க. கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க, குறட்டை எங்க வீட்டுக் கூரை வழியா இறங்குது. எங்க மாமியார் தண்ணி மோட்டார்னு நெனச்சு ஆளக் கூப்பிட்டுட்டாங்க."

அவள் போன சத்தத்தில் ஷுக்ரி கண் விழித்தார். கொஞ்ச நேரம் தான் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் பார்த்தார்.

"நபீலா? பிள்ளைங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"இங்க என்ன பண்ற?"

"காத்துட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"செவ்வாய்க்கிழமைக்காரிக்கு."

அவர் சிரித்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அறை, குவைத்தில் இருக்கும் சிநேகிதன் நஸ்மியுடையதாம். பூட்டிக் கிடந்தால் பாழாகும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனானாம். தனக்கென்று நேரம் ஒதுக்காதவனுக்கு மற்ற நேரமும் உருப்படாது என்று வகுப்பில் சொன்னார்களாம்.

"இங்க வந்து என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யறதில்ல."

"ஒண்ணுமா?"

"கடலை தின்பேன். ஆத்தப் பாத்துட்டிருப்பேன். தூங்குவேன்."

"அதுக்கு வாரத்துல சரிபாதியா?"

"நியாயமா இருக்கட்டும்னுதான். எனக்கும் உனக்கும் நடுவுல."

சக்களத்தி இருக்கத்தான் செய்தாள், அது ஷுக்ரியேதான். நபீலாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரு கணம் வரவும் செய்தது. அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. இன்னொருத்தி இருந்திருந்தால் அழுதிருக்கலாம், அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம், ஊர் அவள் பக்கம் நின்றிருக்கும். கடலை தின்கிறவனைப் பற்றி யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

சும்மாதானே இருக்கிறீர்கள், அந்த ஜன்னலைக் கொஞ்சம் சரிபண்ணுங்கள் என்றிருப்பாள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சரி. சாவியக் குடு" என்றாள். 'நீங்க' வாயிலிருந்து எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"எதுக்கு?"

"பாதி உனக்குன்னு எடுத்துக்கிட்ட. மிச்சப் பாதி எனக்குன்னு சொன்ன. அது எனக்கா? பள்ளிக்கூடம், அடுப்பு, வாய்ப்பாடு, துணி. அதுல எனக்கு எது? நியாயம்னு ஆரம்பிச்சது நீதான். அக்கா வீட்டுல பிள்ளைங்க இருக்கு, கூட்டிட்டுப் போ. கோஸ் வேக வெச்சு வெச்சிருக்கேன், சுருட்டணும். ஆசிமுக்கு நாளைக்குப் பரீட்சை."

"எனக்குச் சுருட்டத் தெரியாதே."

"வகுப்புல சொல்லித் தரலியா?"

ஷுக்ரி காலணியைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, "எப்ப வருவ?" என்றார்.

"வேலை முடிஞ்சதும்."

"என்ன வேலை?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்து போவதைக் கேட்டாள். சோபாவில் உட்கார்ந்தாள், எழுந்தாள். சும்மா இருப்பதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை; மேஜையைத் துடைக்கக் கை போயிற்று, இழுத்துக்கொண்டாள். ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

ஷுக்ரி பாலத்துப் பக்கம் போகவில்லை. கரும்புச்சாறுக் கடை ஓரத்தில், கையில் குவளையோடு, கட்டடத்தின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே நுழைந்த ஓர் ஆளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

நபீலா கூப்பிடவில்லை. நாற்காலியைத் தூக்கி, தெருவிலிருந்து கண்ணுக்குப் படாத பக்கமாக, ஆற்றைப் பார்க்கப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து அடுத்த சுளையை எடுத்தாள்.