மூன்றாவது கேள்வி

அடுத்தவர் பெயரில் நர்ஸ் பதிவு அட்டை வாங்க முயற்சி செய்தாலே குற்றம்தானாம். அட்டை கைக்கு வராவிட்டாலும் சிறைதான். கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் சேர்ந்த அத்தனை பேருக்கும் அதே தண்டனை. விசாரணை அதிகாரி நிதானமாக விளக்கினார். அந்தக் கூட்டில் என்னையும் கோர்த்துவிட்டது வேறு யாருமல்ல, என் கூடப்பிறந்த அக்கா.

நாங்கள் இருவருமே நர்ஸ்கள். மருந்தை மாற்றிக் கொடுத்ததில் அக்காவின் பதிவு ரத்தாகி ஒரு வருடம். போன மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது வந்து ஒரு வாரம் தங்கினாள். தலைவாரிவிட்டபடியே பழங்கதை பேசினாள். ஹாஸ்டலில் எந்த அறை, முதல் டியூட்டி எந்த வார்டு என்றெல்லாம் கேட்டாள். அக்காவுக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று உருகிப்போனேன். மடச்சி நான்.

காய்ச்சல் விட்ட மறுவாரமே பதிவு அலுவலகத்துக்குப் போய், அட்டை தொலைந்துவிட்டது என்று என் பெயரில் தன் போட்டோவை ஒட்டி விண்ணப்பித்திருக்கிறாள். காகிதங்களைத் தயார் செய்தது, என்ன கேட்பார்கள் என்று விசாரித்து வைத்தது எல்லாம் அவள் வீட்டுக்காரர். கவுண்டரில் மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் டக்டக்கென்று பதில். மூன்றாவது, பதிவு செய்யும்போது நாமே பதிலோடு எழுதிக் கொடுத்த கேள்வி: ‘யாரைப் பார்த்து நர்ஸாக ஆசைப்பட்டேன்?’ எங்கள் சித்தியும் நர்ஸ். சித்தி என்று சொல்லி மாட்டிக்கொண்டாள்.

மாட்டியதும், தங்கச்சிதான் அனுப்பினாள் என்று சொல்லிவிட்டாள். விசாரணை அறை வாசலில் என் கையைப் பிடித்தாள்.

“ஒத்துக்கோடி. நீ சொல்லித்தான் வந்தேன்னா திருட்டாகாது. எனக்காக இதுகூடச் செய்யமாட்டியா?”

திருட்டாகாது, கூட்டுச்சதியாகும். என் வேலையும் போகும், நானும் உள்ளே போவேன். அது தெரிந்துதான் கேட்டாள். கையை உதறிக்கொண்டு உள்ளே போனேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். “நீங்க அனுப்பியிருந்தா மூணாவது பதிலையும் சொல்லிக் குடுத்திருப்பீங்களேம்மா. அது என்னன்னு இப்ப சொல்லுங்க.”

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை.

“எங்க அக்கா.”

அவர் தாளைச் சரிபார்த்தார். பேனாவை எடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் இருந்த என் பெயரை அடித்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேடி.”

“அந்த ஒரு வாரத்துல நீ அதை மட்டும் கேக்கலையே, அக்கா.”