பெட்டி மாமா

முதல் தடவை அந்தப் பெட்டி அவனை உதைத்தபோது அவன் கையில் அவள் தலைமயிர் கொத்தாக இருந்தது. சட்டையில் ஒரு பித்தான் தைக்கவில்லை என்பதுதான் அவள் செய்த குற்றம். ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கிறவளுக்குக் கட்டினவன் சட்டை கண்ணில் படவில்லையாம். சுவரில் ஒரு மோது மோதிவிட்டு, அடுத்த மோதலுக்காக அவள் தலையைப் பின்னால் இழுத்தான். அப்போதுதான் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு ஆளே துள்ளி விழுந்தான். மயிரைப் பிடித்திருந்த விரல் வழியாக அவளுக்கும் சுரீரென்று ஒன்று ஓடியது. திரும்பிப் பார்த்தால், அவ்வளவு பெரிய மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து விசித்து விசித்து அழுதுகொண்டிருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு கிழிந்து ரத்தம் வழிகிறது, சிரிப்பு நிற்கமாட்டேன் என்கிறது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அவன் ஒலிபெருக்கி பழுது பார்ப்பவன். கடைவீதியில் அவனுக்கு ஸ்பீக்கர்காரன் என்றே பெயர். கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே நிற்கும். போன வருஷம் ஒரு வாடிக்கையாளரை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை, ஆள் இறங்கிவிட்டான். கடை வாசலிலேயே கட்டை மாதிரி விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவனை உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்க இதயத்தோட சதை ரொம்பத் தடிச்சுப் போயிருக்கு."

"அப்ப நல்ல பலமான இதயம்னு சொல்லுங்க." அந்த நிலைமையிலும் அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"பலம் இல்லைங்க, வியாதி. சுவர் தடிச்சுகிட்டே போனா உள்ள அறை சின்னதாயிடும். ரத்தம் நிரம்பவே இடம் இருக்காது. சதைக்குள்ள ஓடுற மின்சாரமும் தாறுமாறா ஓடும். கோவப்பட்டா, ஓடினா, சண்டை போட்டா இதயம் துடிக்கிறத விட்டுட்டு சும்மா நடுங்க ஆரம்பிச்சுடும். அன்னிக்கு அதான் ஆச்சு. பக்கத்துக் கடைக்காரர் நெஞ்ச அமுக்கி விடலன்னா நீங்க இப்ப என்கிட்ட பேசிட்டு இருக்க மாட்டீங்க."

மாத்திரை பாதி வைத்தியம், பெட்டி மீதி வைத்தியம் என்றார். மாத்திரை இதயத்தை நிதானமாக ஓட வைக்கும். அதையும் மீறித் தறிகெட்டு ஓடினால், தோளுக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்த பெட்டி மின்சாரத்தால் ஓர் அடி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டிதான். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் இருவரையும் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"ஸ்பீக்கர் வேலைன்னு சொல்றீங்க. காந்தத்த மட்டும் நெஞ்சுகிட்ட கொண்டு போயிடாதீங்க. மேல காந்தம் இருந்தா பெட்டி தூங்கிடும். உங்களுக்கு என்ன ஆனாலும் அடிக்காது. காந்தத்த எடுத்துட்டா திரும்ப முழிச்சுக்கும்."

இது ரத்தத்தில் வருகிற வியாதி என்று மகளையும் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். ஓட்டப் பந்தயத்தில் பள்ளிக்கே முதலாக வருகிறவள். அவளுக்கும் சதை தடிக்கத் தொடங்கியிருந்தது. ஓடக் கூடாது, மாத்திரை தவறக் கூடாது, பயந்து அதிரக் கூடாது, பின்னால் அவளுக்கும் பெட்டி தேவைப்படலாம் என்றார்கள். பயந்து அதிரக் கூடாதாம்! அந்த வீட்டில்! டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும் பாவம். தையல்காரி ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அவன் மாத்திரையை ஒரே வாரத்தில் சாக்கடையில் கொட்டினான். "அதப் போட்டா ரத்தமே சூடேற மாட்டேங்குது" என்றான். அவன் சொன்ன குறைதான் அதன் வேலையே. மாத்திரை போனது, பெட்டி உதைத்தது. அந்தப் பித்தானுக்காக முதல் தடவை. தட்டை வீசியபோது ஒரு தடவை. இடுப்பு வாரை உருவியபோது இன்னொரு தடவை. அதற்குப் பிறகு ஆள் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிட்டான். குரலை உயர்த்தப் போவான், கை தானாக நெஞ்சுக்குப் போகும், வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

தையல்காரிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அடிபட்டுக் கிடக்கும்போதெல்லாம், "தட்டிக் கேக்க ஒரு அண்ணன் தம்பி இருந்தா இவன் இப்படி ஆடுவானா?" என்றுதான் புலம்புவாள். இப்போது மகள் அவள் காதோடு சொன்னாள்.

"உனக்குத்தான் அண்ணன் வந்தாச்சே. அப்பா நெஞ்சுக்குள்ளயே வந்து உக்காந்துட்டாரு. எனக்கு மாமா."

அன்றிலிருந்து அது பெட்டி மாமா ஆகிவிட்டது. "மாமா எப்படி இருக்காரு?" என்பாள் மகள். "முழிச்சுகிட்டுதான் இருக்காரு" என்பாள் தாய். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சில மாதங்களில்தான் அந்த வீட்டில் ஒரு பெண் வாய்விட்டுப் பாடினாள்.

ஒருநாள் அவன் கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டான். உள்ளே வந்தான். கத்தவில்லை.

"மாமாவா? என் நெஞ்சுக்குள்ள உக்காந்துகிட்டு எனக்கே மச்சானா?" என்று சிரித்தான்.

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் நேரத்தோடு கடையைச் சாத்திவிட்டு வந்தான். மகளுக்குப் பள்ளி விடுமுறை. தையல் மிஷினுக்கு அருகில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைத் தாழிட்டான். வெட்டு மேசை மேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்தான். ஓங்கி நாற்காலியில் ஓர் அடி. நின்று நெஞ்சைக் கவனித்தான். இன்னோர் அடி. நாற்காலிக் கை முறிந்து பறந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

சட்டையை அவிழ்த்துக் காட்டினான். தோளுக்குக் கீழே, பெட்டி புடைத்திருக்கும் இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம். கறுப்பு டேப்பால் குறுக்கும் நெடுக்கும் சுற்றிக் கட்டியிருந்தான்.

"உங்க அண்ணன் தூங்குறான்டி. இப்ப கூப்பிடு பாக்கலாம்."

இத்தனை மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து வைத்து அடித்தான். முதல் அடி தோளில். அடுத்தது, தலையைக் காக்கத் தூக்கிய கையில். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மேசைக்கு அடியில் புகுந்தவளைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து முதுகில் விளாசினான். ஸ்கேல் இரண்டாக உடைந்தது. உடைந்த முனையால் குத்தினான். ரவிக்கை கிழிந்து ரத்தம் தரையில் சொட்டியது. "கூப்பிடுடி அவன! கூப்பிடு!" என்று ஒவ்வோர் அடிக்கும் கத்தினான்.

"விடுப்பா! அம்மா செத்துடுவாங்க!" என்று மகள் அவன் முதுகில் பாய்ந்தாள். அவன் அவளை உதறிய உதறலில் அவள் தையல் மிஷின் மேல் போய் விழுந்தாள். நெற்றி பிளந்தது. அந்தக் கணமே தாய்க்குத் தன் வலியெல்லாம் மறந்துபோனது. தவழ்ந்து போய் மகளின் நெஞ்சில் கையை வைத்தாள். கூண்டில் அடைபட்ட பறவை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. "மெதுவா மூச்சு விடு கண்ணு, மெதுவா, மெதுவா..." என்று அவள் கெஞ்ச, பின்னால் அவன் உடைந்த நாற்காலிக் கையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஓங்கினான். இறக்கவில்லை.

கட்டை கையிலிருந்து நழுவியது. கண் மேலே செருகியது. வெட்டு மேசையை இடித்துக்கொண்டு மல்லாந்து விழுந்தான். வாய் மீன் வாய் போல் ஒரு தரம் திறந்து மூடியது. முகம் நீலம் பாய ஆரம்பித்தது. பெட்டி உதைக்கவில்லை. அதைத்தான் அவனே தூங்க வைத்திருந்தானே.

வீடு அமைதியாகிவிட்டது. கல்யாணமான நாளாக அந்த வீட்டில் இப்படி ஓர் அமைதியை அவள் கண்டதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். காந்தத்தைக் கட்டியவனும் அவன், அவிழ்க்காமல் செத்தவனும் அவன். யார் கேட்கப் போகிறார்கள்?

மகள் அவள் முந்தானையை இறுகப் பிடித்தாள். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, காந்தத்த எடுக்காத. மாமா தூங்கட்டும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மனசுக்குள் சொன்னதைத்தான் பிள்ளை வாய்விட்டுச் சொல்லியிருந்தது. ஆனால் பிள்ளை வாயிலிருந்து கேட்டபோது தாங்க முடியவில்லை.

"நாளைக்கு உன் நெஞ்சுலயும் ஒரு பெட்டி வரும்டி. நீ இப்படிக் கிடக்கும்போது பக்கத்துல இருக்கறவங்க கையக் கட்டிகிட்டு நின்னா, நான் யாரப் போய்க் கேப்பேன்?"

முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு மறு கையால் கத்தரியை எடுத்தாள். டேப்புக்கு அடியில் நுழைத்து வெட்டினாள். காந்தம் கத்தரியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பிய்த்து மூலையில் எறிந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. "அண்ணே, முழிச்சுக்க" என்று அவளையறியாமல் வாய் முணுமுணுத்தது. அவன் உடம்பு தரையைவிட்டு எம்பி விழுந்தது. இழுத்துக்கொண்டு ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

அவன் போனிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். கதவைத் திறந்து எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் இவரப் பாத்துக்குங்க. மூச்சு நின்னா நெஞ்ச அமுக்குங்க. நாங்க இனிமே இவரு பக்கத்துல இருக்க முடியாது." இதைச் சொல்லிவிட்டு மகளின் நெற்றியில் ஒரு துணியைக் கட்டினாள். இரண்டு பேருடைய துணியையும், மகளின் மாத்திரையையும், தன் கத்தரியையும் பையில் போட்டாள். காந்தத்தைக் கத்தரியிலிருந்து பிரிக்க ஒரு கையால் முடியவில்லை. அதுவும் பைக்குள் போனது. போனால் போகிறது, அவன் கடை நிறைய காந்தம் இருக்கிறது. நாளைக்கே இன்னொன்றைக் கட்டிக்கொண்டு வருவான்.

அவன் கண்ணைத் திறந்திருந்தான். அந்தக் கண்ணில் இருந்தது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. தினமும் கண்ணாடியில் பார்த்ததுதான்.

"பயமா இருக்குடி" என்றான். "அது எப்ப அடிக்கும்னே தெரியல. போயிடாத."

அவன் முகத்துக்கு நேரே அவள் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை.

"எப்ப அடி விழும்னு தெரியாமத்தான் நாங்க ரெண்டு பேரும் இந்த வீட்ல குடியிருந்தோம். இனிமே நீ இரு" என்றாள்.

தெருவில் இறங்கியதும் மகள் அவள் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டாள். வேகமாக நடக்க முடியவில்லை, இருவருக்குமே. தையல்காரிக்கு ஏதோ தோன்றியது. மகளுடைய நெஞ்சில் இன்னும் பெட்டி எதுவும் இல்லைதான். இருந்தாலும் காந்தம் இருந்த பையை இடத்தோளிலிருந்து கழற்றி வலப்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள்.